கெட்ட வழி

வெறும் வண்டியே பதின்மூன்று தொன்.
தேக்குக் கட்டைகள் ஏறியபின் எவ்வளவு என்று
நான் கேட்டதில்லை.
சம்பளம் லோடுக்கு. பாரத்துக்கு இல்லை.

பன்குளத்தைத் தாண்டி
அனுராதபுர வீதியை விட்டு இடப்பக்கம்,
மூன்றாம் துண்டு.
நாலுக்கு ஒரு மரத்தில் சிவப்பு மை.
கார்த்திகை மழை விட்டு நாலு நாள்;
சருகுக்கடியில் நிலம்
இன்னும் தலை துவட்டாமல் இருந்தது.

அன்றைக்குத்தான் சிவகெங்கா வந்தாள்.
மண் பார்க்கிற உத்தியோகமாம்.
கையில் கூர்முனைக் கம்பி,
அதன் தலையில் சின்ன வட்டம், உள்ளே முள்.
மரங்களுக்கிடையில் ஊன்றினாள்:
முழங்கை ஆழம், கேட்காமலே உள்ளே போனது.
போன வருசம் நான் ஓடிய தடத்தில் ஊன்றினாள்:
ஒரு விரற்கடை.
செருப்பு நிலத்தைவிட்டு எழும்ப
கம்பியில் தொங்கியும் பார்த்தாள்.
முள்தான் நடுங்கியது.

“மண்தானே மிஸ்,
அடுத்த மாரிக்குப் பொங்கி வந்துவிடும்” என்றேன்.
அவள் என் தண்ணீர்ப் போத்தலைக் கேட்டாள்.
காட்டில் ஊற்றியதைக் காணவில்லை.
தடத்தில் ஊற்றியது
என் முகத்தை வைத்துக்கொண்டு
அப்படியே நின்றது.

“வீட்டில் புட்டு அவிப்பீங்களா, நானா?”
“மனிசி அவிப்பா.”
“குழலுக்குள் மாவைக் குத்தி இறுக்கினால்?”
ஆவி ஏறாது. அது எனக்கும் தெரியும்.
நடுவில் பச்சை மாவாய் நிற்கும்,
அந்தத் துண்டு விழுவதும் என் கோப்பையில்தான்.

பிறகு பக்கத்துத் துண்டுக்குக் கூட்டிப்போனாள்.
எனக்கு முந்தியவன் ஓடிய தடம்,
அறுத்து மறுபடி நட்டுப் பன்னிரண்டு வருசம்.
தடத்தில் அகப்பட்ட கன்றுகள் என் மணிக்கட்டுப் பருமன்.
அடுத்த வரிசையை
இரண்டு கையாலும் வளைத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.
நான் பிடித்துப் பார்த்தேன்.

காயும்வரை நிறுத்தச் சொன்னாள்.
கந்தளாய் மரக்காலையில் லொறி நிற்கிறது என்றேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
சரி, வெட்டுகிற கிளையை வீசாமல்
ஓடுகிற தடத்தில் பாயாய்ப் போடுங்க, தடிப்பாய்.
சில்லில் காற்றைக் குறையுங்க,
வயிறு பரந்து நிற்கட்டும்.
போகிற நேரத்தில் திரும்பி நின்று:
“புது வழி தேடாதீங்க.
கெட்ட வழியிலேயே போய் வாங்க.”

கிண்ணியாப் பள்ளியில் முப்பது வருச வெள்ளிக்கிழமைகள்
இதற்கு நேர்மாறாகத்தான் கேட்டிருக்கிறேன்.

முதல் உருளலிலேயே பெரும்பங்கு முடிந்துவிடுமாம்.
மூன்றாவது, பத்தாவது எல்லாம்
செத்ததன்மேல் மண் தள்ளுவது.
சேற்றுக்குப் பயந்து ஒவ்வொரு தரமும்
ஒரு முழம் விலகி விலகி ஓடிய நான்
ஒவ்வொரு தரமும்
உயிரோடிருந்த ஒன்றின்மேல் ஏறியிருக்கிறேன்.
எட்டு வருசம்.
அந்த முழங்களை எண்ணவில்லை.

சாந்தரூபன் வால்வைத் திருக,
காற்றுப் போன சீறலுக்கு
எங்கேயோ ஒரு மயில் பதில் சொன்னது.
கிளை பரப்பவே காலை போனது.
வண்டி அதன்மேல் ஏறியபோது
எலும்பு முறிகிற சத்தம்.
இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
கிளைதான்.

மறுநாள் விடிய
எங்கள் தடத்தின் நடுவில் யானை லத்தி, ஆவி பறக்க.
இடமும் வலமும் அவ்வளவு காடிருக்க
அதுவும் ஒரே வழியால்தான் போய் வந்திருக்கிறது.
சாந்தரூபன் தொப்பியைக் கழற்றிவிட்டு
ஏன் கழற்றினான் என்று தெரியாமல்
திரும்பப் போட்டுக்கொண்டான்.

பதினாலு லோடு ஓடுகிற நாளில் ஒன்பது.
முதலாளி போனில் சொன்னதை
இங்கே எழுத முடியாது.

பின்னேரம் கடல்பக்கம் கறுத்தது.
விடிந்தால் மழையாம், ரேடியோவில்.
சாவியைக் கழற்றிச்
சாரத்தில் செருகிக்கொண்டேன்.
முதலாளிக்கு இன்னும் சொல்லவில்லை.